செயினுக்கு எண்ணெய் போடும் இடம்

என் சகலையிடம் நேரில் பேசும்போது ‘வாங்க, போங்க’தான். மனதுக்குள் மட்டும் அவன் எப்போதும் அவன். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். மரியாதை போட்டு எழுதினால் கை கூசுகிறது.

எங்கள் மாமனாருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான், இளையவளைக் கட்டியவன் அவன். நான் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறேன். அவன் பம்பு செட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். தோசைகூட அவனுக்கு ஒரே அளவில் விழ வேண்டும் என்று கொழுந்தியாள் சொல்லிச் சிரிப்பாள். இருவரும் கோயம்புத்தூரில்தான் குடியிருக்கிறோம். இருவரிடமும் இருப்பது ஒரே ரகப் பழைய மோட்டார் சைக்கிள், எப்போதோ உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடல். முதலில் வாங்கியவன் நான். என்னைப் பார்த்துத்தான் அவன் வாங்கினான் என்பதை யார் மறந்தாலும் நான் மறப்பதில்லை.

மாமனாருக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். மாமியார் இருந்தவரை இருவரும் அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறி ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். மாமியார் போன பிறகும் அவர் அதை விடவில்லை. ஆனால் பஸ்ஸை விட்டுவிட்டார். காரில் கூட்டிப்போகிறோம் என்றால் மூச்சு முட்டுகிறது என்பார். மோட்டார் சைக்கிள் என்றால்தான் வழியெல்லாம் அடுத்தவன் காட்டில் என்ன விளைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரலாமாம். ஆக, ஒவ்வொரு அமாவாசையும் விடிகாலையில் நான் அன்னூர் போய் அவரை ஏற்றிக்கொண்டு, மறுபடி ஊருக்குள் வந்து, உக்கடம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டைப் பிடிப்பேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அவர் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது, சிக்னலில் நிற்பவர்கள் எல்லாம் எங்களையே பார்ப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. செயினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றால் வண்டி நன்றாக ஓடி, செயின் சூடேறியிருக்கும்போதுதான் போடுவேன். அப்போதுதான் எண்ணெய் கண்ணிக்குள் இறங்கும். கிணத்துக்கடவு தாண்டினால் ரோட்டோரம் ஒரு பாழடைந்த மோட்டார் ரூம் இருக்கிறது. கிணறு வற்றி, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு சுவர் மட்டும் நிற்கிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் எல்லாம் போய்விட்டதால், அந்த வட்டாரத்தில் நிழல் என்று இருப்பது அந்தச் சுவரின் நிழல்தான். அங்கே நிறுத்தி, நடு ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எண்ணெய்க் குப்பியிலிருந்து விடுவேன். மாமா அந்தப் பக்கம் காலாற நடந்துவிட்டு வருவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், சோளம் எப்படி வந்திருக்குதுன்னு பாத்துட்டு வாரேனுங்க என்பார். சோளம் இல்லாத மாதத்திலும் அதையே சொல்வார். நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் சகலை கை வைத்தான்.

ஒரு நோம்பிக்கு, பண்டிகைச் சாப்பாட்டுக்கு, எல்லோரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். அவன் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தினான். பக்கவாட்டில் ஒரு சின்னக் கறுப்பு டப்பா. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பின்னால் போய்ப் பல்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. தானாகவே செயினுக்கு எண்ணெய் போடும் கருவியாம். இன்ஜின் ஓடினால் சொட்டும், நின்றால் தானே நின்றுவிடும். இனிமேல் குப்பி வேண்டாம், துணி வேண்டாம், கை அழுக்காக வேண்டாம். எங்கிருந்தோ வரவழைத்து அவனே மாட்டியிருந்தான். ஒரு ஸ்க்ரூ கோணலாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இல்லை. அசல் வண்டியோடு வந்தது போலவே இருந்தது.

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயினை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

“தென்னைக்குச் சொட்டு நீர் உடற மாதிரியே பண்ணிப்போட்டீங்களே மாப்ள” என்றார்.

என்னுடைய வண்டியை அவர் அப்படி ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் அடைத்துக்கொண்ட கார்புரேட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்ததைச் சொன்னபோதுகூட, அப்படீங்களா என்று மட்டும்தான் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அழகாகச் சொல்ல வேண்டும் என்றால் வேறு ஏதாவது சொல்லலாம். ஆனால் எரிந்தது வயிறுதான். சாப்பாட்டில் உட்கார்ந்தபோது பருப்பும் நெய்யும் இறங்கவில்லை. அவன் மட்டும் ரசத்துக்கு இரண்டு தடவை சோறு வாங்கினான்.

கை கழுவும்போது அவன் மாமாவிடம், இந்த அமாவாசைக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றான். மாமா என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் மறுத்துச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பெரிய மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டாரே என்பது போல அவர் பார்த்தார், நானும் தாராளமாகப் போய் வாருங்கள் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத் தாடை வலித்தது.

அடுத்த அமாவாசைக்கும் அவனே கூட்டிப்போனான். அதற்கடுத்ததற்கும். அவன் கேட்டான், அவர் சரி என்றார். நான் கேட்கவில்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அமாவாசை நெருங்கும்போது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது என்று சந்தோஷப்படாமல் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். நான் யாருக்காகத் தூக்கி வைக்கிறேன், என் மூஞ்சியே அப்படித்தான் என்றேன். ஒருமுறை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்து அவன் பின் சக்கரத்து விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். ஒரு துளி எண்ணெயாவது சிதறியிருக்கும் என்று நம்பினேன். கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது.

அப்போதுதான் என் வண்டிக்கும் ஒன்று மாட்டுவது என்று முடிவு செய்தேன். அதே கருவியை வாங்கினால் அவனைப் பார்த்து வாங்கியது ஆகிவிடும். அது மட்டும் ஆகாது. நானே செய்தேன். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கினேன். அதில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன உருளை இருக்கும். மூடி நன்றாக இறுகுகிற ஒரு பிளாஸ்டிக் குப்பியை இன்ஜினுக்குப் பக்கத்தில் கட்டினேன். குழாயின் முனையைப் பின் பல்சக்கரத்துக்கு மேல் கம்பி கொடுத்து நிறுத்தினேன். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினேன். தை மாதத்துக் குளிர், விடிந்தும் விடியாத நேரம். எண்ணெய் பாகு மாதிரி உறைந்து, சொட்டவே மாட்டேன் என்றது. உருளையைத் தளர்த்தினேன். இன்னும் தளர்த்தினேன். கடைசியில் ஆற அமர ஒவ்வொரு சொட்டாக விழ ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. அவனுடையதைவிட என்னுடையதில் சொட்டு உருண்டையாக விழுவதாக எனக்குத் தோன்றியது.

தை அமாவாசைக்குச் சகலையின் கம்பெனியில் ஏதோ சோதனைக்கு ஆள் வருவதாக விடுப்புக் கிடைக்கவில்லை. மாமாவே போன் செய்தார். நான் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

அன்னூரில் அவரை ஏற்றும்போதே குழாயையும் குப்பியையும் காட்டினேன். இனிமேல் வழியில் நிற்கிற வேலையே இல்லை மாமா, ஒரே மூச்சில் ஆனைமலைதான் என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அப்படீங்களா என்றார். சகலையின் வண்டியை உட்கார்ந்து பார்த்தவர் என்னுடையதை நின்றுகொண்டே பார்த்தார் என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

கோவில்பாளையம், ஊர், உக்கடம் எல்லாம் தாண்டினோம். வெயில் ஏறியது. கிணத்துக்கடவைத் தாண்டியதும் அவர் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

“செயின் சத்தம் வர்ற மாதிரி இருக்குதுங்களே மாப்ள.”

எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும் செயினில் சத்தம் எப்படி வரும்? சத்தம் ஒன்றும் இல்லை, நீங்கள் நிம்மதியாக உட்காருங்கள் என்றேன். மோட்டார் ரூம் முன்னால் தெரிந்தது. அவர் மறுபடி சொன்னார்.

“எதுக்கும் ஒருக்கா நிறுத்திப் பாத்துரலாமுங்களா?”

சின்ன மாப்பிள்ளை மாட்டினால் விரலால் தடவிப் பார்த்துப் பாராட்டுவது, பெரிய மாப்பிள்ளை மாட்டினால் நிறுத்திப் பார்ப்பதா? பதில் சொல்லாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். மோட்டார் ரூம் பின்னால் போனது. அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக இது யார் தோப்பு, அது எந்த ரகம் என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், பொள்ளாச்சி தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் அசைந்துகொண்டே வந்தார். என் கருவியின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நானும் மௌனமாக, மிக வேகமாக ஓட்டினேன்.

ஆனைமலையில் நான் வண்டியை முழுக்க நிறுத்துவதற்குள் அவர் இறங்கிவிட்டார். சொல்லிக்கொள்ளாமல் ஆற்றுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கணுக்காலிலிருந்து இடுப்புவரை வேட்டியில் கறுப்புக் கோடுகள். காலைக் குளிரில் வைத்த சொட்டு, வெயிலும் இன்ஜின் சூடும் பட்டதும் இளகி ஒழுகி, சக்கரம் அதை வாரி அவர் மேல் அடித்திருக்கிறது. செயினுக்கு மேல் இருக்க வேண்டிய கவர் உடைந்து, அதைக் கழற்றி நான் எறிந்து வெகு நாள் ஆகியிருந்தது. வண்டி நின்ற இடத்தில் அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் கருவி இன்ஜின் நின்றால் தானே நின்றுவிடும். என்னுடையதை நான்தான் ஓடிப்போய் மூட வேண்டியிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. ஆற்றில் இறங்கியிருக்கிறார். கறை அப்படியேதான் இருந்தது, இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. நான் வாய் குழறி என்னென்னவோ சொன்னேன். அவர், பரவால்லீங்க மாப்ள, துணிதானுங்களே என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றார். குளித்து ஈரத்துணியோடு வருகிறவர்கள் அங்கே நிறையப் பேர் என்பதால் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்களுக்குத் தீங்கு செய்தவர்கள் மேல் அம்மனிடம் வழக்கு வைத்து நியாயம் கேட்டு வந்தவர்கள் ஒரு பக்கம் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரம் கண்ணில் ஏற ஏற, என் சகலை மேல் நான் வைக்க என்ன வழக்கு இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றுகூட இல்லை. அதனால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் கறையைக் கழுவ மாமா ஆற்றில் இறங்கினார், அது போகவில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வழியில் எங்கேயாவது நிறுத்தினீர்களா என்றாள். எதற்கு நிறுத்த வேண்டும், அதற்குத்தானே கருவி மாட்டியது என்றேன்.

“ஏனுங்க, ஆயில் கறைய யாராச்சும் வெறுந்தண்ணில முக்குவாங்களா? தோட்டத்துல மோட்டாரு மாத்தி மாத்தியே வயசானவருங்க எங்கப்பா. அவருக்குத் தெரியாதுங்களா?”

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். கொஞ்ச காலமாகவே அவருக்கு அடக்க முடிவதில்லையாம். டாக்டரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். மாத்திரை சாப்பிட்டும் மணிக்கு ஒருமுறை போயாக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். பஸ் வேண்டாம் என்றதும், காரில் மூச்சு முட்டியதும் அதனால்தான். டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வேண்டுமே.

“நீங்க செயினுக்கு எண்ணெய் போட நிறுத்தறீங்கன்னுதான் அப்பா உங்க வண்டின்னா தைரியமா ஏறுவாருங்க. மாப்பிள்ளகிட்ட வாயத் தொறந்து எப்படிச் சொல்லுவாரு?”

அன்று முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஈர வேட்டியோடு அவர் வரிசையில் நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டு ஏறியது என் வண்டியில். என் குப்பியும் என் அழுக்குத் துணியும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. சகலையின் பளபளக்கும் டப்பா அவரை எத்தனை அமாவாசை பாடாய்ப் படுத்தியிருக்கும் என்று நினைத்தபோது, பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால் நன்றாக வேண்டும் என்று தோன்றியது. அவனுக்கு இது தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

மறுநாளே குழாயைக் கழற்றினேன். மாமாவுக்குப் புது வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அடுத்த அமாவாசைக்கு வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். மோட்டார் ரூம் வந்ததும் வண்டியை நிறுத்தி, குப்பியை எடுத்து, செயின் பக்கம் குனிந்தேன். அவர் சோளம் பார்க்கப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், அந்தத் தோப்பு கைமாறிவிட்டது தெரியுங்களா என்று பேச ஆரம்பித்தார். ஆனைமலைவரை ஓயவில்லை. அந்த இருக்கை இனி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் நியாயஸ்தர். ஒரு மாதம் என்னோடு வந்தால் அடுத்த மாதம் சின்ன மாப்பிள்ளையோடு போனார். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் வாடி வதங்கித் திரும்புவார், இரண்டு மூன்று தடவையில் அவராகவே ஏதாவது சாக்குச் சொல்லி அவனைத் தவிர்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் வாடவும் இல்லை, தவிர்க்கவும் இல்லை.

அப்படி அவன் முறை வந்த ஓர் அமாவாசையில், பொள்ளாச்சியில் நூல் வாங்கும் ஒரு பார்ட்டியைப் பார்க்க மில் ஜீப்பில் போக வேண்டியிருந்தது. கிணத்துக்கடவு தாண்டி வழக்கம்போல மோட்டார் ரூமைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் சகலையின் வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் துணியோடு பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும் செயினை, கறுப்பு டப்பா பக்கத்திலேயே இருக்க, துடைத்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. அவன் அந்தத் திசைக்கு முழுக்க முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் என்றால் எண்ணெய் விட்டுக்கொண்டே எட்டி எட்டிப் பார்ப்பேன், எங்கே போகிறீர்கள் என்று கத்துவேன். ஜீப் கடந்து போகும்வரை அவன் தலையைத் திருப்பவே இல்லை.

பொள்ளாச்சியில் நான் பார்த்த பார்ட்டி என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மாமா அவனிடம் மட்டும் சொல்லிவிட்டார் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பெரிய மாப்பிள்ளையிடம் சொல்லக் கூசியவர் சின்னவனிடம் எப்படிச் சொன்னார்? என்னிடம் இல்லாத எது அவனிடம் இருக்கிறது?

அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். உங்கள் வண்டிக்குத்தான் தானாக எண்ணெய் சொட்டுகிறதே, மோட்டார் ரூம் பக்கத்தில் நிறுத்தி என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. அவன் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

“மொதல் தடவ போறப்பவே மாமா சொன்னாருங்க அண்ணா, ‘பெரிய மாப்பிள்ள எப்பவும் இங்கதானுங்க நிறுத்திச் செயினுக்கு எண்ணெ போடுவாரு’ன்னு. செரின்னு நானும் நிறுத்தீட்டேனுங்க. அப்பறம் எப்பவும் நிறுத்தறதுதானுங்க.”

அவ்வளவுதான் அவனிடமும் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை, அதுவும் என் பேரைச் சொல்லி. தை அமாவாசையன்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.